தருமபுரியில் அசல் மெக்சிகோ

மெக்சிகோவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவள் என்பது சொந்தக்காரர்கள் நடுவே எனக்குக் கிடைத்திருக்கும் பட்டம். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள் என் பேரை விட்டாலும் விடுவார்கள், அதை விடமாட்டார்கள். என் வீட்டுக்காரரை அவருடைய கம்பெனி புவெப்லா என்ற ஊருக்கு அனுப்பியது. நானும் கூடப் போனேன், திரும்பி வந்தோம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் யாராவது "அந்த ஊர் எப்படி?" என்று கேட்டுவிட்டால், பந்தி முடிந்து இலை எடுக்கிற வரைக்கும் நான் வாயை மூடியதில்லை. அந்த வாய்தான் என்னைத் தருமபுரிக்குக் கொண்டுபோய் விட்டது.

என் அண்ணன் சபாபதி ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். ஓசூரில் இப்போது திரும்பின பக்கமெல்லாம் தொழிற்சாலை. புது இயந்திரம் பொருத்துவதற்கு மெக்சிகோவிலிருந்து ஆட்கள் வந்து ஒரு வருஷம் தங்கப்போகிறார்களாம். முதல் ஆள் வந்தும்விட்டாராம். தருமபுரியில் காசிம் பாய் என்று ஒருவர், குடும்பத்தோடு உட்கார்ந்து மெக்சிகோ சால்சா செய்து பாட்டிலில் அடைத்து விற்கிறாராம். சால்சா என்றால் அந்த ஊர்ச் சட்னி. அண்ணன் டிரங்க் காலில் கத்தினார்.

"அது சட்னியா தலைவலித் தைலமான்னு எனக்கு என்ன தெரியும்? நீ போய் ருசி பாரு. நீ சரின்னு சொன்னா வருஷம் பூரா அவங்ககிட்டயே வாங்கிக்கிறேன். சரியில்லேன்னா விட்டுடலாம். பாயையும் சரக்கையும் கூட்டிக்கிட்டு ஓசூர் வந்துடு."

"அதுக்கென்னண்ணா, எனக்குத் தெரியாததா?" என்றேன்.

தெரியாது. அந்த இரண்டு வருஷமும் சால்சாவை நான் நாக்கில் வைத்ததே இல்லை. நாங்கள் சுத்த சைவம். எதில் எந்தக் கொழுப்பு இருக்குமோ என்று பயந்து, பெட்டி நிறைய ரசப்பொடி, சாம்பார்ப்பொடி, வடகம், நாரத்தங்காய் என்று கட்டிக்கொண்டுபோய் அதிலேயே காலத்தை ஓட்டினேன். பக்கத்து வீட்டு கார்மென் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மண்கிண்ணத்தில் சால்சா கொண்டுவந்து தருவாள். வாங்கிக்கொள்வேன், கதவைச் சாத்துவேன், தொட்டியில் கொட்டுவேன். மறுநாள், வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாதே என்று நாலு முறுக்கை உள்ளே வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "ரொம்ப நன்றாக இருந்தது" என்பேன். ஸ்பானிஷில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்குப் பிசிறில்லாமல் வரும்.

புறப்பட்ட அன்றே ஆரம்பித்தது. சேலம்வரை ரயில், அப்புறம் பஸ். தொப்பூர் கணவாயில் ஏற ஏற, பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் ஓரங்கட்டி, "எறங்குங்க, எறங்குங்க, வண்டி ஆறட்டும்" என்றார். எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். கண்டக்டர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். யாருக்கும் கோபமில்லை. புவெப்லாவில் பஸ் நின்றால் டிரைவரே பாட்டுப் பாடுவான். இங்கே ஆளுக்கொரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு பல் குத்தினார்கள்.

பக்கத்தில் ஏரியூர்க்காரம்மா ஒருத்தி, மகள் வீட்டுக்குப் போகிறவள், தூக்குப் போசியைத் திறந்தாள். களி உருண்டையும் கடலைச் சட்னியும்.

"எந்தூருங்க நீங்க?"

"மெட்ராஸ். அதுக்கு முன்னாடி மெக்சிகோவுல இருந்தேன்." யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.

"அது ஓசூருக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"ரொம்ப அந்தாண்ட."

"அங்க என்னாங்க சாப்புடுவாங்க?"

சோள ரொட்டியும் காரச் சட்னியும் என்று நீட்டி முழக்கினேன். "சோள ரொட்டி எப்பிடிங்க இருக்கும்? நம்ம களியாட்டம் வயித்துல நிக்குமா?" என்றாள். தெருவுக்குத் தெரு சுட்டு அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. "நிக்கும், நிக்கும்" என்றேன். அவள் களியில் பாதியைப் பிட்டு இலையில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "இன்னிக்கு எனக்கு விரதம்மா" என்று சொல்லித் தப்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பசி தாங்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். பாதியில் நிமிர்ந்தால் அவள் கை கழுவ அங்கேயே வந்து நிற்கிறாள்.

"விரதம் முடிஞ்சிருச்சுங்களா?" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே விசாரித்தாள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கினபோது வெயில் சாய்ந்திருந்தது. வெளுத்த சட்டையும் தொப்பியுமாக ஒருவர் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "மெக்சிகோ அம்மாங்களா?" என்றார். மத்தியானத்திலிருந்து நின்றிருக்கிறார். "சபாபதி சார் தங்கச்சின்னு சொன்னாருங்க. மொகத்தைப் பார்த்தாவே வெளிநாடு போனவங்கன்னு தெரியுதுங்களே" என்று என் பையை வாங்கிக்கொண்டார். என் முகத்தில் அப்படி என்ன தெரிந்ததோ, புளியோதரைப் பருக்கை வேண்டுமானால் இருந்திருக்கும்.

சந்தைக்குப் பின்னால் ஓட்டு வீடு. முன்பக்கம் முழுக்கத் தொழில்: அகலமான இரும்புக்கல் ஏற்றிய அடுப்பு, ஆட்டுக்கல், வெந்நீரில் கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள். பாட்டிலில் ஒட்டுகிற படத்தைச் சினிமா பேனர் எழுதுகிறவர் வரைந்து கொடுத்தாராம். தொப்பி மட்டும் மெக்சிகோ. மீசையும் மூஞ்சியும் அச்சு அசல் நம்மூர்க் கதாநாயகன். கீழே, "அசல் மெக்சிகோ சல்சா. காசிம் குடும்பத்தார் தயாரிப்பு." மகள் ஷாகிரா அதை ஒவ்வொன்றாகப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டேன். பாயும் கூடவே சிரித்தார். "ஆளைப் பாத்ததில்லைங்களே அவரு" என்றார்.

பாய் சரக்குக் கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். கூட வேலை பார்த்த மிகேல் மெக்சிகோக்காரன். "ஊர் ஞாபகம் வந்தா தக்காளியக் கல்லு மேல போட்டுச் சுடுவான்ம்மா. அழுதுக்கிட்டே சுடுவான். நான் கிண்டல் பண்ணுவேன். போவப் போவ எனக்கும் அது இல்லாம சோறு எறங்கல" என்றார். கப்பலை விட்டு வந்ததும் இதைத் தொடங்கியிருக்கிறார். மிஷன் பங்களா வெள்ளைக்காரர்கள், ஏற்காட்டில் இரண்டு பேர், பெங்களூரில் ஒரு கடை. அதுவரை அவ்வளவுதான் வாடிக்கை.

பாய் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் ஷாகிரா தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஏஜென்ட்டு மறுபடி கப்பலுக்குக் கூப்புட்டிருக்காருங்க அக்கா. ஓசூர் ஆர்டர் வந்தா அத்தா போவ மாட்டாரு. வரலைன்னா போயிருவாரு. நான் பெரிய மனுஷி ஆனது, பள்ளிக்கூடம் முடிச்சது, எதுக்கும் அவரு ஊர்ல இல்ல. நீங்க நல்லபடியா சொல்லிடுங்க."

நூர்ஜஹான் அக்கா, பாயின் மனைவி, ஒரு சொளகைக் கையில் வைத்தபடி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பொம்பளை. "நீங்க சைவம்னு உங்கண்ணன் சொன்னாருங்க. சட்டி, கரண்டி எல்லாம் புதுசு. அடுப்பையும் பூசி எடுத்துட்டேன். சாம்பார் வச்சிருக்கேன்" என்றாள்.

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? ஆனாலும் என் வாயிலிருந்து, "வயிறு சரியில்லைக்கா, ரெண்டு வாழைப்பழம் போதும்" என்றுதான் வந்தது. பழக்கம் அப்படி. அந்தப் புதுச் சட்டி அடுப்பு மேலேயே ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் பாட்டில்களைப் பார்த்தேன்.

அப்புறம் சின்னத் தட்டில் சால்சா வந்தது. சிவப்பு, நடுநடுவே கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள். "இதுல கொழுப்பு எதாச்சும்?" என்று கேட்டேன்.

"சல்சாவுல ஏதுங்க கொழுப்பு?" பாய்க்கு நான் சோதிக்கிறேன் என்று நினைப்பு. பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். "தக்காளி, வெங்காயம், பூண்டு, மொளகா, உப்பு, எலுமிச்ச, கொத்தமல்லி. கோயில்லயே குடுக்கலாம்ங்க."

வாரா வாரம் தொட்டியில் கொட்டினது இதைத்தானா! என் ரசத்தில் போடாத எதுவும் இதில் இல்லையே!

விரல் நுனியால் தொட்டு வைத்தேன். புளிப்பு, காரம், கடைசியில் ஒரு கருகல். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பொய்கூட ஆகியிருக்காது. ஆனால் ஒரு குறையும் சொல்லாதவளை விவரமானவள் என்று யார் மதிப்பார்கள்? பெண் பார்க்கப் போன சம்பந்தியம்மாள் மாதிரி உதட்டைச் சுழித்தேன்.

"எல்லாம் சரி பாய். கருகல் வாசனைதான் கொஞ்சம் அடிக்குது. அங்கே இப்படி இருக்காது."

பாயின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "கறுப்பா சுட்டாத்தான் சல்சான்னு மிகேல் சொல்லுவானேம்மா."

"என்னமோ. நான் பார்த்தவரைக்கும் வேகவைப்பாங்க." எதைப் பார்த்தேன்? எங்கே பார்த்தேன்? நாக்கு தானாக ஓடியது.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையாட்டினார். "அதுவும் சரிதாங்க. அவன் ஊரை விட்டு வந்தே ரொம்ப காலம். நீங்க இப்ப இருந்துட்டு வந்தவங்க. ஊர்ல மாறியிருக்கும்."

அந்திநேரத்து மக்ரிப் தொழுகை முடிந்து அவர் வந்த பிறகு, நான் படுத்திருந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்த அரைச்சுவர் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிவிட்டது.

"ஏங்க, அவங்க இதத் தின்னவங்களாட்டம் எனக்குத் தோணல. தின்னவங்க இன்னொரு வாய் எடுப்பாங்க. இவங்க விரல உடனே தொடைச்சிட்டாங்க."

"சும்மா இரு நூரு. படிச்ச புள்ள. ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்திருக்கு. நம்ம பொழப்புன்னு தெரிஞ்சும் பொய்யா சொல்லும்?"

"நம்ம கை பழகுனத ஒருத்தங்க சொன்னாங்கன்னு மாத்துவாங்களா?"

"உண்மையச் சொன்னா மாத்தணும்ல."

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அரைச்சுவர்தான், எட்டிப் பார்த்தே சொல்லியிருக்கலாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

காலையில் பார்த்தால், போட்டிருந்த சரக்கு மொத்தத்தையும் அக்கம்பக்கத்துக்கு வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தோடு வந்தவர்கள் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் வாசலிலேயே உட்கார்ந்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டு, "பாய், இன்னொரு கரண்டி போடு. இது கெட்டுப்போச்சுன்னா இன்னமும் கெடுத்து வையி" என்றார். பாய் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்றால், இவங்களுக்கு அசல் எதுன்னு தெரியாதும்மா, மன்னிச்சுக்குங்க, என்று.

புதுச் சரக்குக்குத் தக்காளி வேண்டும். சந்தையில் நல்லது இல்லையென்று இண்டூருக்கு டவுன் பஸ்ஸில் போனோம். "நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க" என்று என்னையும் கூட்டிப் போனார். தோட்டத்தில் கூடை கூடையாகக் குவித்திருந்தார்கள். "அங்க தக்காளி இப்பிடித்தானுங்களா இருக்கும்?" என்று தோட்டக்காரர் கேட்டார். "இதைவிடப் பெரிசு" என்றேன். ரசத்துக்கு வாங்கியிருக்கிறேனே. மூன்று நாளில் நான் சொன்ன ஒரே நிஜம் அதுவாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது கூடைகள் பஸ் மேலே. குறுக்கே ஆடு ஓடிவர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். மேலே கட்டியிருந்த கூடை சரிந்து, தக்காளிச் சாறு ஜன்னல் ஜன்னலாக வழிந்தது. ஒரு வெள்ளை வேட்டிக்காரர் எழுந்து கத்தினார். "யார் சரக்குய்யா இது? மாமியா வூட்டுக்குப் போறேன், எவனையோ வெட்டிட்டு வர்ற மாதிரி இருக்குதே!" பஸ்ஸே சிரித்தது. பாய் துண்டை எடுத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுத் துடைத்துவிட்டார். கண்டக்டர் என்னிடம் வந்து, "நீங்க அவரோட வந்தவங்களா?" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாயே அங்கிருந்து குரல் கொடுத்தார். "அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. சரக்கு என்னோடதுங்க."

மிஞ்சின தக்காளி அன்று இருட்டும்வரை வெந்தது. தோல் உரித்து, வடிகட்டி, கொஞ்சமும் கறுப்பில்லாமல், பொட்டு மாதிரி சிவப்பாக இறங்கியது. நூர்ஜஹான் அக்கா கிண்டினாள். ஷாகிரா படத்தை ஒட்டினாள். "நீங்க வந்தது எங்க நல்ல நேரம்ங்க அக்கா. இல்லன்னா தப்பாவே கொண்டுபோயிருப்போம்" என்றாள். நான் பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

மூன்றாம் நாள் ஓசூர். ஷாகிராவை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் மூவரும் போனோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாய் வழியெல்லாம் வாய்க்குள் ஓதிக்கொண்டு வந்தார். அக்கா காலடியில் ஒரு துணிப்பை கனமாக இருந்தது. "என்னக்கா இது?" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்னு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ரமோன் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, பெரிய கை, வீட்டை விட்டு வந்த மனுஷனுக்கு இருக்கிற களைப்பு. அண்ணன் என்னை முன்னால் தள்ளி, "என் தங்கச்சி. உங்க புவெப்லாவில் இரண்டு வருஷம்" என்று ஆங்கிலத்தில் பெருமையடித்தார். ரமோன் எழுந்து நின்று கை கொடுத்தார். பாட்டில் திறந்து, கிண்ணத்தில் ஊற்றி, எதிரே வைத்தார்கள். பாய் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரமோன் கிண்ணத்தை எடுத்தார். மோந்து பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்து ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு, குடிக்க ஆரம்பித்தார். மரியாதையான மனுஷன், கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமான ஸ்பானிஷில் என்னிடம் சொன்னது இதுதான்: "சூப் நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் காய்ச்சல்காரர்களுக்கு இப்படித்தான் வைத்துக் கொடுப்பார்கள். சால்சா எப்போது வரும்?"

அண்ணன், "என்ன சொல்றார்?" என்றார். சொன்னேன். அண்ணன் முகம் சிறுத்தது. "பாய், என்னய்யா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முன்னால் வந்துவிட்டார். "தப்பு என்னுதுங்க சார். அம்மா சரியாத்தான் சொல்லிக்குடுத்தாங்க. நான்தான் பதம் தெரியாம கெடுத்துட்டேன். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

பஸ்ஸில் சொன்ன அதே குரல். தனக்குக் கப்பல்தான் இனி என்று தெரிந்துகொண்டு நின்ற மனுஷன், எனக்காகப் பொய் சொல்கிறார். அதற்குமேல் என்னால் அங்கே கௌரவமாக நிற்க முடியவில்லை.

"அண்ணா, அவர் செஞ்சது சரியா இருந்துச்சு. கெடுத்தது நான். எனக்கு இந்தச் சால்சா எப்படி இருக்கும்னே தெரியாது. அங்கே ஒரு நாள்கூட நான் சாப்பிட்டதில்லை."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வருஷம் பின்னே என்னதான்டி சாப்பிட்டே?"

"ரசம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பாய் என்னைப் பார்க்கவே இல்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் அக்காதான் அசைந்தாள். துணிப்பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "அடுப்பு எங்கிட்டு இருக்குதுங்க?" என்று விடுதிச் சமையல்காரரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். பை நிறையத் தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் கொண்டுவந்திருக்கிறாள். பாய் அவள் பின்னால் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து புகை வந்தது. தக்காளித் தோல் கல்லில் பற்றி வெடிக்கிற அந்தக் கருகல்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அது மதில் தாண்டி என் அடுப்படிக்கு வந்திருக்கிறது! "என்னத்தையோ தீய விடுறா பாரு இந்தப் பொம்பளை" என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். அதற்குப் பிறகு கதவு தட்டுவாள் கார்மென், கையில் கிண்ணத்தோடு. அடுப்புப் புகையையும் கிண்ணத்தையும் ஒரு நாளாவது சேர்த்து நினைத்திருப்பேனா? மெக்சிகோவைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த வாசனை ஒன்றுதான். அதைத்தான் தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு இல்லையென்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

ரமோனை யாரும் கூப்பிடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசனை வந்த பக்கம் நடந்தார். அடுப்படியில், அம்மியிலிருந்து வழித்ததும் வழிக்காததுமாக, ஒரு சப்பாத்தியைக் கிழித்துத் தொட்டு நின்றபடியே தின்றார். ஒன்று, இன்னொன்று. கையை நீட்டி மூன்றாவது கேட்டார். அக்கா போட்டாள். அண்ணன் என் பக்கம் திரும்பாமல், "பாய், அடுத்த வாரத்திலேர்ந்து அனுப்ப ஆரம்பிச்சிடுங்க" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், புகைக்கும் சேர்த்து. ஆனால் பாய் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. இப்ப சரியா இருக்குதுங்களா?"

நக்கல் பண்ணத் தெரியாத மனுஷர் அவர். வீட்டுக்கு வந்த விருந்தாளியை, இவ்வளவுக்குப் பிறகும், ஒதுக்கிவிடக் கூடாது என்றுதான் கேட்டார். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

"சரியா இருக்கு பாய். இந்த வாசனைதான். இதுக்குத்தான் நான் ஜன்னலைச் சாத்திட்டு இருந்தேன்" என்று கார்மென் கதையை முழுக்கச் சொன்னேன், கிண்ணம், தொட்டி, முறுக்கு எல்லாவற்றையும். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அடுப்பை அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவம் அந்தப் பொம்பள" என்றாள். "வாரா வாரம் குடுத்திருக்காளே."

நான் புறப்படும்போது ஒரு எவர்சில்வர் டப்பாவில் சால்சாவை நிறைத்து என் பையில் வைத்தாள். அவள் வைத்த விதத்தில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணன் வாங்கித் தந்த புளியோதரைப் பொட்டலத்தை ரயிலில் பிரிக்கவில்லை. ஸ்டேஷனில் வாங்கின ரொட்டிக்கு அதைத் தொட்டுக்கொண்டு வந்தேன். டப்பா மெட்ராஸ் வரை தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாட்டில் நானே சுட்டேன். அக்கா சொன்ன மாதிரி, தோல் கறுத்து வெடிக்கிற வரைக்கும். புகை வராந்தா தாண்டிப் போனது. எதிர் பிளாட்டில் சரோஜாவின் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

ஒரு கிண்ணத்தில் நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்குங்க" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை கிண்ணம் பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. உள்ளே நாலு தட்டை.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றாள்.